போகிக்கு முந்தின நாள்

ஜன்னலோரம் நீயே உக்காரு, காத்து பட்டாலாவது வாய் தொறக்குதான்னு பாப்போம்னு சொல்லி என்னை உள்ள தள்ளிட்டு சுகந்தி இந்தப் பக்கம் உக்காந்துட்டா. பொண்டாட்டி சொன்னா உக்கார வேண்டியதுதான். அவ மடியில ஃபைல், ஃபைல் மேல டிபன் பாக்ஸ், டிபன் பாக்ஸ் மேல அவ கை, யாரோ புடுங்கிக்கினு ஓடப்போறான்ற மாதிரி. இன்னிக்கு எனக்கு விசா இன்டர்வியூ, ரெண்டாவது தடவை. ஹவாய்க்குப் போகணும். சொல்லிப் பாத்தா எனக்கே சிரிப்பு வருது, கோவளத்துல பொறந்து கோவளத்து மணல்லயே விழுந்து எழுந்த தேசிங்கு, ஹவாய்க்கு. அங்க கார்த்திகை மார்கழியில அலை வரும் பாரு, பனைமர ஒசரம், அதுக்குள்ள முட்டி போட்டுக்கினு பூந்து அந்தாண்ட வெளிய வரணும். வெளிய வரணும், அதான் முக்கியம். போன தடவை, ஆனி மாசம், கண்ணாடிக்கு அந்தாண்ட உக்காந்திருந்த அதிகாரி என்னென்னமோ கேட்டாரு, எல்லாத்துக்கும் சொன்னேன், கடைசியா எப்போ திரும்பி வருவீங்கன்னு கேட்டாரு பாரு, அவ்ளோதான், நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. தமிழ்ல எடுத்துச் சொல்ற அம்மா, அவங்க பாவம், எனக்குக் காது கேக்கலையோன்னு நெனச்சு மறுபடியும் மெதுவா கேட்டாங்க. எப்போ, திரும்பி, வருவீங்க. கேக்காம இன்னா. கடலுக்குப் போறவன்கிட்ட எங்க குப்பத்துல எவளும் அந்தக் கேள்வியைக் கேக்க மாட்டா, கேட்டாலும் எவனும் பதில் சொல்ல மாட்டான், அது அப்படித்தான், யாரும் சொல்லிக் குடுக்கல, பேச வந்தப்பவே அதுவும் வந்துடுச்சு. கடல் விட்டா வருவேங்கன்னு சொன்னேன். அந்தம்மா அதை இங்கிலீஷ்ல எப்படிச் சொன்னாங்களோ, என் பாஸ்போர்ட்டு கண்ணாடிக்குக் கீழ இருந்த சந்து வழியா என்கிட்டயே திரும்பி வந்துடுச்சு.

முட்டுக்காடு பாலம். தண்ணி அசையாம கெடக்குது, காத்து மேற்கால இருந்து வருது. மேக்காத்துன்னா காலையில அலை கலையாம நிமிந்து நிக்கும், இந்நேரம் பசங்க எல்லாம் போர்டைத் தூக்கிக்கினு எறங்கியிருப்பானுங்க, நான் பேன்ட்டு போட்டு சட்டையை உள்ள வுட்டுக்கினு பஸ்ல போறேன். ஊர்ல எனக்கு முட்டின்னு பேரு. மத்தவன் எல்லாம் போர்டு மேல எழுந்து நிப்பான், நான் முட்டி போட்டுத்தான் ஓட்டுவேன். கட்டுமரத்துல துடுப்பு வலிக்கறவன் முட்டி போட்டுத்தானே வலிக்கிறான், சின்ன வயசுலேருந்து அப்படித்தான் அலையைத் தாண்டினேன், போர்டு குடுத்தப்பவும் அப்படியேதான் உக்காந்தேன், இதுல இன்னா குத்தம். அலைச்சவாரி சொல்லித்தர்ற எடத்துல வேலைக்குச் சேந்தப்ப எழுந்து நில்லுடா எழுந்து நில்லுடான்னு கத்துவானுங்க, வேண்டுதலா முட்டின்னு கிண்டல் வேற. அப்பதான் கேயோனி வந்தாரு. ஹவாய்க்காரரு, நரைச்ச தாடி, தொப்பை, ஊர் சுத்திப் பாக்க வந்த ஆளு. காலுக்கு வாத்து மாதிரி ரப்பர் துடுப்பை மாட்டிக்கினு, குட்டையா அகலமா ஒரு போர்டை எடுத்துக்கினு எறங்குனாரு. அலை வந்துச்சு. முட்டி போட்டாரு. நான் கரையில நின்னு அழுதுட்டேன், சத்தியமா அழுதுட்டேன், என்னை மாதிரி இன்னொருத்தன் இருக்கான்டா உலகத்துல. அப்பால தெரிஞ்சுது, அந்த ஊர்ல இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க, அலை சுருண்டு பொந்து மாதிரி வர்ற எடத்துல நிக்கறவன் தலை இடிக்கும், முட்டி போட்டவன் உள்ள போயிடுவான். போறப்ப அந்த போர்டை என்கிட்டயே குடுத்துட்டாரு. எங்க ஊர் குளிர் மாசத்துக்கு வாடா, என் கார் ஷெட்டுல படுத்துக்கோன்னாரு. அதுலேருந்து ப்ளான். எந்நேரமும் ப்ளான். ரப்பர் துடுப்பு ரெண்டு ஜோடி, ஒண்ணு அலையில கழண்டுக்கினா இன்னொண்ணு வேணும். போர்டைக் காலோட கட்டற கால்கயிறு, தடிசா. முட்டி வைக்கிற எடத்துல புது மெத்தை ஒட்டணும், பழசு பேந்துக்கினு வருது. போர்டை ரெண்டு போர்வையில சுத்தி பையில போடணும், ஏர்போர்ட்டுக்காரன் தூக்கிப் போட்டானா மூக்கு ஒடஞ்சிடும். சுகந்திக்கு அதெல்லாம் கவலை இல்ல, நெத்திலி கருவாட்டுத் தொக்கு எவ்ளோ எடுத்துக்கினு போலாம்னுதான் கேட்டுக்கினே இருக்கா. ஏய், ஏர்போர்ட்டுல நாய் வச்சு மோப்பம் புடிப்பாங்கன்னேன். மோப்பம் புடிச்சா அதுக்கும் கொஞ்சம் வையின்றா.

ஊத்தண்டி வந்ததும் பஸ்ஸு நின்னுடுச்சு, டோல்கேட்டுல ஒரே வண்டி. சுகந்தி தொண்டையைக் கனைச்சா. சரி, நான்தான் ஆபீசரு, சொல்லு, உன் பேரு இன்னா. தேசிங்குங்க மேடம். எங்க போறே. ஹவாய்ங்க. எதுக்குப் போறே. முட்டி போட்டு அலை ஓட்டறதுக்குங்க. யாரு கூப்புட்டது. கேயோனி சாருங்க. பொண்டாட்டி புள்ளை இருக்குதா. பொண்டாட்டி இருக்காங்க, வாய் ஜாஸ்திங்க. தொடையில நறுக்குனு ஒரு கிள்ளு. சரி, அடுத்தது, அந்தக் கேள்வி. எந்தக் கேள்வி? அதான்யா, அந்தக் கேள்வி. கேட்டாத்தானே மேடம் நான் பதில் சொல்ல முடியும். அவ டிபன் பாக்ஸைத் தொறந்து ஒரு இட்லியை எடுத்து என் வாயில வச்சுட்டா. ஆபீசரு இட்லி ஊட்டுவாரான்னு கேக்க வாயில எடமில்ல. மூணு நாளா இதே கதை, அந்தக் கேள்வி வர்றப்ப பால் பொங்குது, குக்கர் கத்துது, பக்கத்து வூட்டுல யாரோ கூப்புடறாங்க. கல்யாணமான நாள்லேருந்து அவ என்கிட்ட அதைக் கேட்டதே இல்ல. கடலுக்குப் போறப்ப வுடு, டவுனுக்குப் போனா கேக்க மாட்டா, பால் பாக்கெட்டு வாங்கப் போனாக்கூடக் கேக்க மாட்டா, வந்தா வந்தேன்னு கதவைத் தொறப்பா. வரலைன்னா வாசல்ல நிப்பா, அவ்ளோதான். அவங்க அப்பா கன்னியப்பன் கடலோட போன கதை ஊருக்கே தெரியும். அன்னிக்கு சுகந்திக்கு மஞ்சத்தண்ணி. பந்தல் போட்டாச்சு, மாமன் சீரு வருது. ஒரே ஒரு பாடு வலை வுட்டுட்டு வந்துடறேன்னு அவரு கிளம்புறப்ப, வேலை கெடக்குதேன்ற அவசரத்துல அவங்க அம்மா கேட்டுடுச்சு, எப்ப வருவேன்னு. அவரும் சிரிச்சுக்கினே சொல்லிட்டாராம், பொழுது சாயறதுக்குள்ளன்னு. சுகந்தி பட்டுப்பாவாடையோட உள்ள உக்காந்து அதைக் கேட்டுக்கினு இருந்துச்சு. அன்னிக்குக் காத்து திடீர்னு திரும்புச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், எங்க மாமியாருக்கு மட்டும் தெரியாது, அது கேட்டதாலதான்னு இன்னிக்கும் யாரு வூட்டு விசேஷத்துக்கும் போகாது. அந்தப் பொண்ணை நான் கட்டிக்கினு வந்து, கேளுடி கேளுடின்னா எப்படிக் கேக்கும்.

நீலாங்கரை. இந்தப் பக்கம் கடல் தெரியாது, வூடுங்க மறைச்சுக்கிச்சு, ஆனா எங்க இருக்குதுன்னு உடம்புக்குத் தெரியும், வலது பக்கம், ஒரு கூப்புடு தூரம். அதை நெனைக்கக் கூடாதுன்னு நெனச்சேன், நெனச்சுட்டேன். வைகாசியில, கல்லு கொட்டியிருக்கற எடத்துக்குப் பக்கத்துல, பெரிய அலைகூட இல்ல, நம்ம ஊர் அலை, இடுப்புக்குக் கொஞ்சம் மேல. விழுந்தேன். விழறது இன்னா புதுசா. கால்கயிறு கல்லு சந்துல மாட்டிக்கிச்சு. மேல வரப் பாத்தேன், வரல. சரி, அலை போகட்டும்னு இருந்தேன், அலை போச்சு, கயிறு தளரல, அடுத்த அலை மேல வந்துச்சு. கண்ணைத் தொறந்தா ஒரே மஞ்சளா இருந்துச்சு. கத்தக் கூடாது, கத்தினா தண்ணி. அப்ப இன்னா நெனச்சேன் தெரியுமா, சாமியை நெனைக்கல, சுகந்தியைக்கூட நெனைக்கல, மாவு அரைக்கப் போட்ட அரிசியை மிஷின்லேருந்து வாங்கலையேன்னு நெனச்சேன், கடைக்காரன் பூட்டிட்டுப் போயிடுவானேன்னு. அதான் இப்ப வரைக்கும் புரியல, சாகப்போறவன் அரிசியையா நெனைப்பான். கயிறு எப்படி அவுந்துச்சுன்னு தெரியல, வெளிய வந்து கல்லு மேல உக்காந்து வாந்தி எடுத்தேன், யாரும் பாக்கல. நேரா மிஷினுக்குப் போய் மாவு வாங்கிக்கினு வூட்டுக்கு வந்துட்டேன். இன்னா இவ்ளோ நேரம்னு அவ கேக்கல, கேக்க மாட்டாளே. அதுலேருந்து தலைக்குத் தண்ணி ஊத்திக்க முடியல. கடல்ல எறங்குவேன், ஓட்டுவேன், விழுவேன், அதுல ஒண்ணும் இல்ல, பாத்ரூம்ல ஒரு சொம்புத் தண்ணி மூஞ்சியில வழிஞ்சா மூச்சு நின்னு போவுது. வெக்கக்கேடு. கேயோனி ஊர்ல கீழ மணல் கெடையாது, பாறை. அமுக்குனா ரெண்டு அலை வரைக்கும் வுடாதுன்னு அவரே சொன்னாரு, சிரிச்சுக்கினே சொன்னாரு, அவங்களுக்கு அது ஏதோ மாமியார் வூட்டுக்குப் போயிட்டு வர்ற மாதிரி. அவரு அனுப்புன வீடியோவைத் தெனம் பாக்கறேன். அலை வாயைத் தொறக்குது, ஒரு ஆளு முட்டி போட்டுக்கினு உள்ள போறாரு, வாய் மூடுது, ஒண்ணுமே இல்ல, வெறும் நுரை, அப்பால துப்பற மாதிரி அந்த ஆளு வெளிய வர்றாரு. அந்த ஒண்ணுமே இல்லாத நேரம் இருக்குதே, அதுல நிறுத்திடுவேன். விரல் தானாப் போய் நிறுத்துது. அந்த நேரத்துல அவரு இன்னா பண்ணிக்கினு இருக்காரு.

திருவான்மியூர்ல எறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிக்கறோம். வெயில் இப்பவே சுள்ளுன்னு அடிக்குது. கொட்டகைக்குக் கீழ எடம் புடிச்சு என்னை உக்கார வச்சுட்டு அவ வெயில்ல நிக்கறா. கேக்கறேன், நானே என்னைக் கேக்கறேன், ஆனி மாசம் அந்தக் கண்ணாடி முன்னாடி வாய் அடைச்சது எதனால. ஊர்ல எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க, தேசிங்கு கடல் பேச்சு மீறாதவன், வெள்ளைக்காரனே கேட்டும் தேதி சொல்லலை பாருன்னு ஊர்த்தலைவரு நாட்டார் வரைக்கும் முதுகுல தட்டுனாரு. நானும் தட்டுங்கன்னு நின்னேன். ஆனா பாஸ்போர்ட்டு திரும்பி வந்துச்சே, அந்த நேரம் என் உடம்புல ஒரு லேசு வந்துச்சு, ஈரத்துணியை அவுத்துப் போட்ட மாதிரி, அது இன்னா. அப்பாடா, போக வேணாம்னு உள்ளாற ஒருத்தன் சொன்னானே, அவன் யாரு. இன்னிக்கும் ஊமையா நின்னேன்னா முடிஞ்சுது, யாரும் தப்புச் சொல்ல மாட்டாங்க, முதுகுல தட்டுவாங்க, நான் நம்ம ஊர் அலையிலயே ஓட்டிக்கினு காலத்தைத் தள்ளிடலாம். தேதி சொன்னா போகணும். போனா அந்த ஒண்ணுமே இல்லாத நேரத்துக்குள்ள நான்தான் போகணும். ஆனா போகலைன்னா அதுக்குள்ள இன்னா இருக்குன்னு தெரியாமலே போயிடும், கேயோனி குடுத்த போர்டு மூலையில நின்னுக்கினு என்னைப் பாத்துக்கினே இருக்கும். அய்யோ, இந்தப் பக்கம் போனா அது, அந்தப் பக்கம் போனா இது. சுகந்தி கிட்ட வந்து குனிஞ்சா, யாருக்கும் கேக்காத குரல்ல சொன்னா. யோவ், பயமா இருக்குதா? எனக்கு இன்னா பயம்னேன். வைகாசியிலேருந்து நீ பாத்ரூம் கதவைத் தாப்பா போடாம குளிக்கிறே, எனக்குத் தெரியாதா. சொம்பை எடுத்துட்டு சின்ன டம்ளர் வச்சேனே, அதுகூடவா நீ பாக்கல? பாத்தேன். சொம்பு ஓட்டையாயிடுச்சு போலன்னு நெனச்சேன். மடையன். கண்ணு எரியுது, வெயில்னு சொல்லிக்கலாம், சொல்லல. பயமா இருக்குதுடி, ரொம்பப் பயமா இருக்குதுன்னு சொல்லிட்டேன், பஸ் ஸ்டாப்புல, பூக்காரம்மா பக்கத்துல உக்காந்திருக்கறப்ப. அவ நெத்தியை முந்தானையால தொடச்சுக்கினு நிமிந்தா. பயப்படாத ஆளா இருந்தா நான் உன்னை அனுப்பவே மாட்டேன்யான்னா. பஸ்ஸு வந்துடுச்சு, ஏறு ஏறுன்னு முதுகைப் புடிச்சுத் தள்ளுறா.

விசா ஆபீஸ் வாசல்ல க்யூ. ஃபோன் உள்ள கொண்டு போகக் கூடாது, பை கூடாது, துணைக்கு ஆளு கூடாது. ஃபோனை அவகிட்ட குடுத்தேன், ஃபைலை வாங்கிக்கினேன், டிபன் பாக்ஸுல மிச்சம் இருக்கற ரெண்டையும் நீ தின்னுன்னு சொன்னேன். தலையை ஆட்டுனா. எதுத்தாப்புல மரத்தடியில நிக்கறேன்னா. நகந்துக்கினே இருக்குது க்யூ, எனக்கு முன்னாடி கோட்டு போட்ட ஒரு பையன், அவனுக்கு வேர்த்து ஊத்துது, அவன் படிக்கப் போறான், நான் முட்டி போடப் போறேன், ரெண்டு பேருக்கும் ஒரே வேர்வை. திரும்பிப் பாத்தா அவ மரத்தடிக்குப் போகல. கயிறு கட்டியிருக்கறதுக்கு அந்தப் பக்கம் என் கூடவே நடந்து வர்றா, செக்யூரிட்டி அம்மா தள்ளுங்கன்னா ரெண்டடி தள்றா, மறுபடியும் வர்றா. வாய் எதையோ மென்னுக்கினு இருக்குது, இட்லி இல்ல. கயிறுக்கு மேல கையை நீட்டி என் சட்டைக் கையைப் புடிச்சுட்டா. இன்னாடின்னேன். மூஞ்சி வெளுத்துக் கெடக்குது. எங்க மாமியார் அன்னிக்கு எப்படி இருந்துச்சோ எனக்குத் தெரியாது, ஆனா சுகந்திக்குத் தெரியும், பாவாடையோட உக்காந்து பாத்தவ அவ. யோவ், எப்ப வருவே? கேட்டுட்டா. க்யூவுல யாரும் திரும்பிக்கூடப் பாக்கல, யாருக்கு இன்னா தெரியும் இதுல, வூட்டுக்கு வூடு கேக்கறதுதானே. அவ சட்டையை வுடல. சொல்லு, எப்ப வருவே, சொல்லிட்டுப் போ. இவ அப்பன் சிரிச்சுக்கினு சொன்னாரு, என்னால சிரிக்க முடியல. கடலை நெனச்சேன், அந்த மஞ்சளை நெனச்சேன், மாவு மிஷினை நெனச்சேன். நெனச்சுக்கினு இருக்கறப்பவே வாய் சொல்லுது. போகிக்கு முந்தின நாள். போகிக்கு முந்தின நாள் வந்துடுவேன் சுகந்தி. அவ சட்டையை வுட்டா. கசங்கின எடத்தைத் தடவி வுட்டா. சரி போன்னா.

உள்ள குளிரு. இந்தத் தடவை ஒரு பொம்பளை ஆபீசரு, தமிழ் சொல்ற அம்மா மட்டும் அதே அம்மா, என்னைப் பாத்ததும் அவங்களுக்கு ஞாபகம் வந்துடுச்சு, பாவம் இந்த ஆளான்ற மாதிரி ஒரு பார்வை. பேரு, ஊரு, வேலை, யாரு கூப்புட்டது, எல்லாம் ஆச்சு. முட்டி போட்டு ஓட்டறதுன்னா எப்படின்னு அந்த ஆபீசரம்மா கேட்டாங்க. எப்படிச் சொல்றது, போட்டே காட்டிட்டேன். தரையில முட்டி போட்டு, முதுகைக் குனிஞ்சு, ரெண்டு கையையும் முன்னாடி நீட்டி. கண்ணாடிக்குக் கீழ போயிட்டேன் போல, அவங்க எழுந்து நின்னு எட்டிப் பாத்தாங்க, பக்கத்து கவுன்ட்டர்ல இருந்தவரும் எட்டிப் பாத்தாரு, கோட்டுப் பையன் வாயைப் பொத்திக்கினு சிரிச்சான். நான் எழுந்தேன். ஆபீசரம்மா சிரிச்சுக்கினே ஏதோ தட்டுனாங்க, தட்டுனாங்க, என் பாஸ்போர்ட்டை எடுத்து அவங்க பக்கத்துல ஒரு தட்டுல வச்சுட்டாங்க. தேங்க்யூ, போகலாம். போகலாங்க, முடிஞ்சுதுன்னு தமிழ் அம்மாவும் சொன்னாங்க. நான் நின்னுக்கினு இருக்கேன். அந்தக் கேள்வியைக் கேக்கவே இல்லையே. அங்க வெளிய ஒருத்தி உயிரைக் கையில புடிச்சுக்கினு கேட்டாளே அந்தக் கேள்வியை, இவங்க கேக்கவே இல்ல, அவ கேட்டது வீணா. இல்லைன்னா இவங்களுக்குத் தேவையில்லையா. போகலாங்க சாருன்னாங்க மறுபடியும். போகிக்கு முந்தின நாள் வந்துடுவேன்னு சொன்னேன். தமிழ் அம்மா முழிச்சாங்க. சொல்லுங்கம்மா அவங்ககிட்ட, போகிக்கு முந்தின நாள் வந்துடுவேன், என் வூட்டுல கேட்டாங்க, சொல்லிட்டேன், இங்கயும் சொல்லிடறேன். அவங்க இங்கிலீஷ்ல சொன்னாங்க, போகின்றது மட்டும் தமிழ்லயே கேட்டுது. ஆபீசரம்மா தலையாட்டிக்கினு குட்னு சொன்னாங்க.

வெளிய வந்தா வெயில் கண்ணைக் கூசுது. எதுத்தாப்புல மரத்தடியில அவ நிக்கறா, டிபன் பாக்ஸை நெஞ்சோட அணைச்சுக்கினு. போன தடவை நான் பாஸ்போர்ட்டைக் கையில புடிச்சுக்கினு வந்ததைப் பாத்தவதான். ரோட்டைத் தாண்டறப்ப அவ என் மூஞ்சியைப் பாக்கல, கையைத்தான் பாக்கறா. ஃபைல் ஒரு கையில, இன்னொரு கை சும்மா. சட்டைப் பையைப் பாக்கறா. பேன்ட்டுப் பையைப் பாக்கறா. இல்ல, விசா ஒட்டித் தர்றதுக்கு வாங்கி வச்சுக்கினாங்கன்னேன். அவ அப்படியே மரத்தடிக் கட்டையில உக்காந்துட்டா. நானும் உக்காந்தேன். டிபன் பாக்ஸைத் தொறந்தா ரெண்டு இட்லியும் அப்படியே இருக்குது, தொடல. ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவளுக்கு. எனக்கு இன்னும் பயம் போகல, வயித்துலயே கெடக்குது, இட்லி அது மேலதான் எறங்குது. புது மெத்தை ஒட்டணும், தடிசா கயிறு வாங்கணும், மாட்டுனா ஒரே இழுப்புல அவுக்கற மாதிரி வாங்கணும், இன்னிலேருந்து கதவைச் சாத்திக்கினு சொம்புலயே ஊத்திப் பாக்கணும், கொஞ்சம் கொஞ்சமா. அவ விரலை நக்கிட்டு முந்தானையில தொடச்சா. ரோட்டைப் பாத்துக்கினே இருந்தா. அப்பால, இத்தனை வருஷமும் தெனமும் கேட்டுப் பழகினவ மாதிரி, சாதாரணமா கேட்டா. யோவ், போகிக்கு முந்தின நாள்னியே, மத்தியானச் சோத்துக்கா, ராத்திரிச் சோத்துக்கா? மத்தியானத்துக்குன்னேன்.